தண்ணித் தெள்ளு கேட்டவர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, மறதியும் ஜாஸ்தி. பொறுத்துக்கொள்ளுங்கள்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த சமயம். கச்சிராயபாளையம் ரோட்டில் மரங்களை வெட்டிப் போட்டிருந்ததால், வெள்ளிமலைக்குப் போன ஜீப் ஒன்று எங்கள் ஊரிலேயே நின்றுவிட்டது. அதில் வந்தவர் ஒல்லியானவர், காதோரம் நரை. மலைக்குட்டையில் விடுவதற்குப் பிளாஸ்டிக் பைகளில் மீன் குஞ்சு வைத்திருந்தார். பேசும்போதும் குஞ்சு அசைகிறதா என்று ஒவ்வொரு பையாகத் தட்டிக்கொண்டே இருந்தார். பொழுது சாய்வதற்குள் தண்ணீரில் விடாவிட்டால் குஞ்சுகள் செத்துவிடுமாம்.

நாங்கள் குடிக்கும் குளத்துக்கு வந்து, "இதுல தெள்ளு கீதாம்மா?" என்று கேட்டார்.

தெள்ளு என்றால் எங்களுக்கு நாய் மேல் ஊரும் பூச்சிதான். என் நாத்தனாருக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாங்க, எங்க கொளத்த நாயின்னு நெனச்சிக்கினீங்களா?"

அவர் சிரித்துக்கொண்டே ஒரு பாட்டிலில் தண்ணீர் மொண்டு வெயிலில் காட்டினார். உள்ளே வெள்ளைப் புள்ளிகள் துள்ளின.

"இது தண்ணித் தெள்ளும்மா. குஞ்சுக்கு இதான் சோறு."

ஆனால் ஒரு பையை மட்டும்தான் குளத்தில் விட்டார். நான் வெளியாட்களிடம் பேசமாட்டேன். அன்று மனசு கேட்கவில்லை.

"மீதியும் வுடுங்களேன். பாவம், சாவுதுங்களே."

"அத்தினியும் வுட்டா தெள்ளப் பூரா தின்னுடும்மா. அப்புறம் பாசியத் தின்றதுக்குத் தெள்ளு இருக்காது, தண்ணி பச்சையாப் பூடும். நீங்க இன்னாத்த குடிப்பீங்க?"

ரோடு திறக்கவில்லை. சாயங்காலம் மற்ற பைகளில் அசைவு நின்றதும், கரையில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். முன்பின் தெரியாத எங்கள் தண்ணீருக்காக அவர் ஏன் அப்படிச் செய்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

சின்ன மீன் அவ்வளவு தின்னுமா, தெள்ளு பாசியைத் தின்னுமா? நான் தப்பாகக் கேட்டிருக்கலாம். படித்தவர்கள் யாராவது பார்த்துத் திருத்துங்கள்.