கிண்டியைத் தாண்டிப் போன பேய்

எனக்கு அப்போ பதினேழு வயசு. வீடு முடிச்சூர். வேலை கிண்டியில், ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைக்குப் பட்டன் வைப்பது. எண்பதுகளின் கடைசி அது.

நாங்கள் ஐந்து பேர். ஒரே கம்பெனி, ஏறக்குறைய ஒரே வயசு. காலையில் ரயிலில் லேடீஸ் பெட்டி. நாலு பேர் தாம்பரத்தில் ஏறுவோம், அஸ்தினாபுரத்துக்காரி குரோம்பேட்டையில் ஏறுவாள். அவள் ஏறினதும் மாடம்பாக்கத்துக்காரி பையிலிருந்து பேய் நாவலை எடுப்பாள். லெண்டிங் லைப்ரரி புத்தகம். அட்டையில் எப்பவும் வெள்ளைப் புடவை, விரித்த முடி.

அவள் பத்தாவது பாஸ். சத்தமாக வாசிப்பாள். கிண்டி வந்தால் பேய் எங்கே நின்றாலும் மூடிவிடணும். யாரும் தனியாகப் படிக்கக் கூடாது. அதுதான் சட்டம்.

நான் மூணாவதோடு நின்றவள். வேலைக்குச் சேரும்போது எட்டாவது என்று சொல்லிவிட்டேன். இவர்களிடமும் அதையே சொன்னேன். எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். பஸ் போர்டைப் படித்து முடிப்பதற்குள் பஸ் போய்விடும்.

ஒரு வெள்ளிக்கிழமை மாடம்பாக்கத்துக்காரிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வெறும் காற்றுதான் வந்தது. புத்தகத்தைச் சாயங்காலம் திருப்பிக் கொடுக்கணும். கடைசி மூணு பக்கம் பாக்கி.

"எனுக்கு ரயில்ல படிச்சா தல சுத்தும்" என்றாள் அஸ்தினாபுரத்துக்காரி. மற்ற இரண்டு பேரும் எழுத்தே தெரியாது என்று முதல் நாளே சொல்லிவிட்டவர்கள். அவர்களுக்குக் கவலை இல்லை.

"நீதான் எட்டாவதாச்சே. படிடீ."

அஸ்தினாபுரத்துக்காரி புத்தகத்தை என் மடியில் போட்டாள். பொய் சொன்னவள் என்று கம்பெனி முழுக்கச் சிரிப்பார்கள். ஓடுகிற ரயிலிலிருந்து எங்கே போவது? விரலை வரியில் வைத்தேன்.

"கத... வுக்கு... அந்தப்... பக்கம்..."

நிறுத்தினேன். அடுத்த வார்த்தையைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

"யா... ரோ..."

"யாருடி?"

"இரு."

யாரும் சிரிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அஸ்தினாபுரத்துக்காரி துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். எதிர் சீட்டில் ஒரு பூக்காரம்மா பூக் கட்டுவதை நிறுத்திவிட்டார்.

"மூ... மூச்... சு... வி... டும்..."

"சீக்கிரம் சொல்லேன்டி."

"சத்... தம்."

"ஐயோ" என்றார் பூக்காரம்மா.

எனக்கும் பயம்தான். அடுத்த எழுத்து என்ன என்று எனக்கே தெரியாதே. அவர்கள் பேய்க்குப் பயந்தார்கள், நான் எழுத்துக்கும் சேர்த்துப் பயந்தேன்.

பழவந்தாங்கலில் ஒரு அம்மா ஏறி, அஸ்தினாபுரத்துக்காரி தோளில் கை வைத்து, "கொஞ்சம் தள்ளி உக்காரும்மா" என்றார். இவள் போட்ட கத்தலில் பெட்டியே கத்தியது. அந்த அம்மாவும் சேர்ந்து கத்தினார். அப்புறம், "இன்னாடி கதை? முன்னாடி இன்னா ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டு எங்கள் நடுவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கதவு திறக்கிற இடம் கடைசிப் பக்கத்தில். நான் ஒவ்வொரு எழுத்தாகத் திறந்தேன். திறந்து முடித்தபோது வண்டி சைதாப்பேட்டையில் நின்றது. கிண்டி வந்ததையும் போனதையும் ஒருத்தியும் பார்க்கவில்லை.

குதித்து இறங்கினோம். பிளாட்பாரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். எதிர்ப்பக்க வண்டிக்குப் படி ஏறும்போது மாடம்பாக்கத்துக்காரி என் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து என் விரலைப் பார்த்துக்கொண்டு வந்தவள்.

காற்றுக் குரலில் கேட்டாள். "நீ எட்டாவது இல்லல்ல?"

"மூணாவது."

புத்தகத்தை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்.

"வெளிய சொல்லாத. இனிமே பேய் வர்ற பக்கமெல்லாம் நீதான் படிக்கிற. எனுக்கு அந்த மாதிரி வராது."

கம்பெனி வாசலில் சூப்பர்வைசர் கேட்டார். "ஏன்மா லேட்டு?"

"பேய் சார்" என்றாள் அஸ்தினாபுரத்துக்காரி. ஐந்து பேருக்கும் அரை நாள் சம்பளம் போச்சு. யாரும் வருத்தப்படவில்லை.

அதற்கப்புறம் மூணு வருஷம் அந்த வண்டியில் பேய் என் வாயில்தான் வந்தது. தினமும் படித்துப் படித்து நாக்கு திரும்பிவிட்டது. ஒரு நாள் ஒரு பக்கம் முழுக்க நிற்காமல் படித்துவிட்டேன். எனக்கே ஆச்சரியம். நிமிர்ந்து பார்த்தால் நாலு பேரும் முறைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடி இது, நியூஸ் படிக்கிற மாதிரி? பயமே வரல. முதல்லேருந்து படி. மெதுவா."

சிரிப்பை அடக்கிக்கொண்டு விரலை மறுபடி வரியில் வைத்தேன்.