பொட்டு வைத்த சர்வர்கள்

எங்கள் காரைக்கால் ஸ்டூடியோவின் சர்வர்களைப் பார்த்துக்கொள்பவள் மதிவதனி. கோபம் வந்தால் அவள் குரல் தாழ்ந்துவிடும். எனக்கு அதுதான் பயம்.

நாங்கள் எடுக்கும் விசேஷப் படங்களை வெளிநாட்டுச் சொந்தங்கள் எங்கள் இணையதளத்தில் பார்ப்பார்கள். கூட்டம் தாங்காமல் ஒரு சர்வர் இரண்டாயிற்று. வருகிறவர்கள் இரண்டுக்கும் பிரிந்து போவார்கள். படங்கள் மட்டும் மூன்றாவதாக உள்ள பொதுப் பெட்டியில். எந்தப் பக்கம் போனாலும் ஒரே ஆல்பம்தான்.

ஆயுத பூஜையன்று மதிவதனி லீவு. மூன்றையும் அணைத்து, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்தேன். சூடம் காட்டிய பக்தியில் சர்வர்களை முதலில் போட்டுவிட்டேன், பெட்டியைக் கடைசியில். பெட்டிதான் முதலில் என்று அவள் படித்துப் படித்துச் சொன்னது மறந்தே போயிற்று.

மறுநாள் கிளிஞ்சல்மேட்டில் தையல்நாயகி அக்கா மகள் வினோதினிக்கு வளைகாப்பு. கணவர் ராஜா பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருக்கிறார், லீவு இல்லை. நானூறு படங்களை ஏற்றிவிட்டு, வழக்கம்போல அடுத்த வேலைக்காகக் கேமரா கார்டை அழித்தேன்.

மாலையில் அக்கா போன் செய்தார். "தம்பி, மாப்புள தொறந்தா பாதிப் படந்தான் வருதாம். திரும்பத் தொறந்தா வேற பாதி வருதாம். காலையில கடலுக்குப் போயிட்டா பத்து நாளாவும். இவ அழுவுறா."

மதிவதனி ஓடி வந்தாள். சர்வர்கள் கண் விழித்தபோது பெட்டி இல்லாததால், படங்களை ஆளுக்குப் பாதியாகத் தங்கள் டிஸ்கிலேயே போட்டுக்கொண்டிருந்தன. பெட்டியை இணைத்தாள். பழைய ஆல்பங்கள் வந்தன. வளைகாப்பு அடியோடு காணோம்.

"போச்சா மதி?"

"போவலண்ணே. பெட்டிய இணைச்சது, தரையில கெடக்குற படத்து மேல பாய விரிச்ச மாதிரி. பாயத் தூக்கணும், அவ்ளோதான்," என்றாள், மிகத் தாழ்ந்த குரலில்.

இணைப்பைக் கழற்றினாள். ஒரு சர்வரில் இருநூற்று ஏழு படங்கள், மற்றதில் நூற்றுத் தொண்ணூற்று மூன்று. எல்லாவற்றையும் பெட்டிக்கு மாற்றி மீண்டும் இணைத்தாள். பிறகு, பெட்டி வராமல் எந்தச் சர்வரும் கடை திறக்காதபடி செய்தாள்.

"இத முன்னாடியே செய்யாதது என் தப்புண்ணே," என்றாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

மறுநாள் காலையில் அக்காவே பேசினார். "மாப்புள படகுல சிக்னல் போற வரைக்கும் படத்துல அவ மொகத்தயே பாத்துக்கிட்டு போனாராம், தம்பி."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மதிவதனி திரையைப் பார்த்தபடி மூக்கை உறிஞ்சினாள்.