காளியம்மாவின் ஞாயிற்றுக்கிழமைகள்

காளியம்மாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் நல்ல விதமாகத்தான் சொல்வார்கள். நான் சொன்னால் கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். அவள்மேல் எனக்குப் பொறாமை. இதை ஒளித்து என்ன ஆகப்போகிறது?

மலேசியாவில் கோலா கங்சார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தவள். 1976இல் தோட்டத்தை விற்றுவிட்டு, தொழிலாளர்கள் குடியிருந்த லயத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். புருஷன் சதாசிவத்தோடும் இரண்டு தகரப் பெட்டிகளோடும் ஈப்போ பக்கத்து ஜெலாப்பாங்குக்கு வந்து, நான் குமாஸ்தாவாக இருந்த சட்டைத் தொழிற்சாலையில் தையல் வரிசையில் சேர்ந்தாள். மாதச் சம்பளம் வரும் வேலையை இனி சாகும்வரை விடமாட்டேன் என்று முதல் நாளே என்னிடம் சொன்னாள். நான் கேட்கவே இல்லை.

அவளுக்குப் பூ என்றால் பைத்தியம். கல்யாணப் பெண்ணின் பின்னலில் மல்லிகையும் கனகாம்பரமும் வைத்துத் தைத்து இடுப்புவரை பூச்சடை போடுவாள். தோட்டத்தில் ஆசைக்குப் போட்டது, இங்கே தொழிலாக ஆனது. எங்கள் தொழிற்சாலைப் பெண் ஒருத்திக்குப் போட்டாள். அதைப் பார்த்து இன்னொருத்தி கேட்டாள். மூன்றே வருடத்தில் ஈப்போவில் வசதியுள்ள வீடுகளிலிருந்து கார் அனுப்பி அழைத்துப்போக ஆரம்பித்துவிட்டார்கள்.

எனக்கோ தையலில் சான்றிதழ் இருந்தது. கண்ணாடி போட்டு மாட்டியிருந்தேன். வாசலில் 'நவமணி தையலகம்' என்று பலகையும் தொங்கியது. இரண்டு வருடத்தில் வந்தவள் பக்கத்து வீட்டுக்காரி மட்டும்தான், அதுவும் பட்டன் தைக்க. பலகையைக் கழற்றிக் கோழிக்கூண்டுக்குக் கதவாக வைத்தேன். நான்காம் வகுப்பைத் தாண்டாத இவளைக் காரில் கூட்டிப்போய், பந்தியில் முதல் இலையில் உட்கார வைக்கிறார்கள். வயிறு எரியாதா?

எங்கள் தொழிற்சாலை ஞாயிற்றுக்கிழமையும் ஓடும். வருடத்தில் ஆளுக்குப் பதினைந்து ஞாயிறு, காலை ஏழிலிருந்து மூன்று மணிவரை வேலைக்கு, எங்கள் ஊர்ப் பேச்சில் கெர்ஜாவுக்கு, வந்தாக வேண்டும். யாருக்கு எந்த ஞாயிறு என்று டிசம்பரில் பட்டியல் போடுவது என் பொறுப்பு. 1980 டிசம்பரில் காளியம்மா என் மேசைக்கு வந்து நின்றாள்.

"அக்கா, முகூர்த்த நாளுல மட்டும் எனக்கு கெர்ஜா போடாதீங்கலா. மத்த ஞாயிறு எது போட்டாலும் வாரேன். கல்யாணத்தன்னிக்கு காலையில நான் நேர்ல நிக்கணும்."

"பார்க்கிறேன்," என்றேன்.

பார்த்தேன். தமிழ்க் காலண்டரை விரித்து, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்த முகூர்த்தங்களைச் சிவப்பு மையால் வட்டமிட்டேன். பதினான்கு தேறின. பதினான்குக்கும் நேராக அவள் பெயரை எழுதினேன். யாரும் சந்தேகப்படக் கூடாதென்று பதினைந்தாவதை மட்டும் ஆடி மாதத்தில் தள்ளினேன். சீன மேலாளருக்கு முகூர்த்தம் என்ன தெரியும்? எண்ணிக்கை சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

பட்டியலைப் பார்த்த காளியம்மா கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வேலையை விடப்போகிறாளா, பூவை விடப்போகிறாளா என்று காத்திருந்தேன். பூவை விடவேண்டும் என்று வேண்டிக்கொள்ளவும் செய்தேன். அடுத்தடுத்த வருடங்களிலும் பட்டியலை அப்படியே போட்டேன்.

அவள் இரண்டையும் விடவில்லை. கார் வருவது நின்றது. அந்த மட்டில் எனக்குத் திருப்தி. ஆனால் நான் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பெண்ணின் முதுகில் அவள் கைவேலை தெரிந்தது. மறுநாள் போய் வருகைப் பதிவேட்டைப் புரட்டினால், அந்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு அவள் கையெழுத்து இருக்கும். மண்டை குழம்பிப்போனேன்.

1984இல் என் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது.

"காளியம்மா அக்கா சடைதான் வேணும்மா. இல்லன்னா நான் தலையே சீவ மாட்டேன்," என்றாள், என் வயிற்றில் பிறந்தவள்.

வேறு வழியில்லாமல் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் காளியம்மா வீட்டுப் படியேறினேன். கூடத்தில் மூன்று ஐஸ் பெட்டிகள். இரண்டு பெண்கள் உட்கார்ந்து வாழைப்பட்டையில் பூ வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இப்பல்லாம் பொண்ணு முடியில தைக்கிறது இல்லக்கா," என்றாள் காளியம்மா. "பட்டையில தைச்சு முத நாளே குடுத்து விட்டுருவேன். காலையில பின்னல் மேல வெச்சு யாரு வேணா கட்டலாம், பத்து நிமிசம். முன்ன ஒரு முகூர்த்தத்துக்கு ஒரு பொண்ணு. இப்ப ஒம்பது. லூமுட் வரைக்கும் போகுதுலா."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் சுவரைப் பார்த்தேன். காலண்டர் மாட்டும் ஆணியில் நான் தட்டச்சு செய்த ஞாயிற்றுக்கிழமைப் பட்டியல் தொங்கியது.

"காலண்டர் எங்கே?" என்றேன்.

"வாங்குறது இல்லக்கா. எனக்கு நீங்க கெர்ஜா போட்ட ஞாயிறெல்லாம் முகூர்த்தம். அதைப் பார்த்துத்தான் கடையில பூ சொல்லி வைக்கிறேன். ஆடியில ஒண்ணு போடுவீங்க, அதை மட்டும் விட்டுருவேன்."

அவள் சிரிக்கவும் இல்லை, குத்திக்காட்டவும் இல்லை. கை பூவில் இருந்தது.

"அப்ப உனக்குத் தெரியுமா?"

"மொத வருசமே தெரியும். அழுதேன். அழுது முடிச்சிட்டு யோசிச்சேன். பொண்ணுக்கு எந்த ஞாயிறு?"

தேதியைச் சொன்னேன். பட்டியலைத் திரும்பிப் பார்க்காமலே, "அன்னிக்கு எனக்கு கெர்ஜா," என்றாள்.

"மாற்றி எழுதிடுறேன். நீ கல்யாணத்துக்கு வா."

"வேணாம்க்கா. நான் வேலையில இருந்தாத்தான் யாரும் நேர்ல வான்னு கூப்பிட மாட்டாங்க. நேர்ல போனா ஒரே ஒரு பொண்ணுதான், மத்ததெல்லாம் போச்சு."

கல்யாணத்தன்று என் மகளின் சடையைப் பார்த்து ஆளாளுக்கு யார் கைவேலை என்று கேட்டார்கள். காளியம்மா, காளியம்மா என்று என் வாயாலேயே பதினோரு முறை சொன்னேன்.

அந்த டிசம்பரிலும் காலண்டரையும் சிவப்பு மையையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அப்போதுதான் உறைத்தது. அவளைக் கெடுக்க வேண்டுமானால், நாலு வருடம் முன்னால் அவள் கெஞ்சிக் கேட்ட விடுமுறையை இப்போது கொடுத்தாலே போதும். பார்ப்பவர்கள்கூட நல்ல மனசு என்று என்னைப் பாராட்டுவார்கள். பேனா காய்கிறவரை யோசித்தேன்.

பொறாமை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் முகூர்த்த ஞாயிறு அத்தனைக்கும் நேராக அவள் பெயரையே எழுதினேன். ஆடியில் ஒன்றை மட்டும் என் ஆத்திரத்துக்காக வைத்துக்கொண்டேன்.