ஏழு லிட்டரில் வேலூருக்கு

எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு வேலைநிறுத்த நாள். காலை பத்தரை மணிக்குத் திருவண்ணாமலை செங்கம் சாலையிலிருந்து வேலூருக்குப் புறப்பட்டோம். தூரம் எண்பத்திரண்டு கிலோமீட்டர். பஸ் ஓடவில்லை, ஊரில் எந்தப் பங்கிலும் பெட்ரோல் இல்லை. வேன், விடுதியில் என் பக்கத்து அறையில் தங்கியிருந்த ஜெர்மானியர் ஹான்ஸுடையது. அவருக்குத் தமிழ் தெரியாது. ஆங்கிலத்தில் பேசி வழிகாட்ட நான் உடன் சென்றேன்.

பின் இருக்கையில் ஜவுளிக்கடை காதர் பாயும் மகள் நூர்ஜஹானும். இரண்டு மணிக்கு வேலூர் மருத்துவமனையில் அவளுக்கு நர்ஸ் பயிற்சிக்கான நேர்முகத் தேர்வு.

"இந்த வருஷம் தவறிச்சுன்னா எங்க அண்ணன் கல்யாணப் பேச்ச எடுத்துடுவாரு சார். அப்புறம் படிப்பு ஏது?" என்றார் பாய்.

வேன் எவ்வளவு கொடுக்கும் என்று அவர் என் மூலம் காலையிலேயே கேட்டிருந்தார். ஹான்ஸ், "பதின்மூன்று" என்றார். லிட்டருக்குப் பதின்மூன்று கிலோமீட்டர் என்று எடுத்துக்கொண்ட பாய், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் வீடு வீடாகப் போய் ஏழு லிட்டர் சேர்த்து வந்தார். காலியாக இருந்த டாங்கில் அதை ஊற்றினோம். வேலூர் போக ஒன்பது கிலோமீட்டர் மிச்சம் என்று கணக்கு. பெட்ரோல் முள் வேலை செய்யவில்லை.

போளூர் தாண்டியதும் ஹான்ஸ் அலுத்துக்கொண்டார்: "பழைய வண்டி. எங்கள் ஊரில் புது வண்டிகள் எட்டுதான்."

நூர்ஜஹான் ஆங்கிலத்தில் கேட்டாள்: "புதுசு எப்படிக் குறைவாகக் கொடுக்கும்?"

"குறைந்தால் நல்லதுதானே! நூறு கிலோமீட்டருக்கு எட்டு லிட்டர்."

அவள் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். "அத்தா, அவரு சொன்னது குடுக்குறது இல்ல, குடிக்கிறது. நூறுக்குப் பதிமூணு லிட்டர். ஏழு லிட்டரு அம்பத்துநாலு கிலோமீட்டர்தான் வரும். பத்துன்னு சொல்லியிருந்தா ரெண்டு கணக்கும் ஒண்ணாயிருக்கும்."

"கரெக்டா பதிமூணப் போய் சொன்னாரே!" என்று பாய் தலையில் கை வைத்தார்.

கண்ணமங்கலத்துக்குச் சற்று முன் இன்ஜின் இருமி நின்றது. வேலூர் இன்னும் இருபத்தெட்டு கிலோமீட்டர். நாற்பது நிமிடங்கள் சாலையோரம் நின்றோம். நூர்ஜஹான் சான்றிதழ் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு சாலையையே பார்த்தாள்.

எதிரே ஓர் அம்பாசடர் டாக்சி, காலியாக, திருவண்ணாமலைப் பக்கம் வந்தது. பாய் நடுச்சாலைக்கே போய் நிறுத்தினார்.

"வண்டி எவ்ளோ குடுக்குது பாய்?" என்றார் டிரைவர்.

"அத மட்டும் கேக்காதீங்க! நாலு லிட்டர் இருந்தா போதும்."

டிரைவர் சிரித்துக்கொண்டே டியூபைத் தன் டாங்கில் விட்டு உறிஞ்சி, வாயில் வந்ததைத் துப்பினார். "என்து கேலனுக்கு முப்பது மைலு, தெரியுமா?" நான் மொழிபெயர்த்தேன். மூன்றாவதாக ஒரு கணக்கா என்று ஹான்ஸ் கண்களை மூடிக்கொண்டார்.

பெட்ரோல் வேனுக்குள் போனதும் பாய் பணம் எடுக்கச் சட்டைப்பைக்குள் கை விட்டார்.

"பொண்ணுக்கு டைம் போவுது. மொதல்ல கெளம்புங்க." டிரைவர் வாயைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். நாங்கள் யாரும் அவர் பெயரைக் கேட்கவில்லை, செய்தித்தாளில் வேலை பார்க்கும் நானும் வண்டி எண்ணைக் குறிக்கவில்லை.

ஒன்றே முக்காலுக்கு மருத்துவமனை வாசலில் இறங்கினோம். நான்கு மணிக்கு அவள் வெளியே வந்து, "எடுத்துக்கிட்டாங்க அத்தா," என்றாள். பாய் ஹான்ஸின் இரு கைகளையும் பிடித்துக்கொண்டே நின்றார்.

இரவு வேலூரிலேயே தங்கினோம். மறுநாள் பஸ்கள் ஓடின. சென்னைக்குக் காலை பஸ் ஏறினேன். அங்கே எங்கள் தெருவில் அடுத்த வீட்டில் தீப்பெட்டி கேட்கவே யோசிப்போம். பஸ் டாக்சி ஸ்டாண்டைக் கடந்தபோது, பாய் தெரிந்தார். கையில் இனிப்புப் பொட்டலத்துடன் ஒவ்வொரு அம்பாசடராகக் குனிந்து, டிரைவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.