பூரணம் அக்காவின் வாய் பிளந்த டிக்கெட்

1. கதவைப் பார்க்கிற வேலை

மட்டக்களப்பு டவுனில் அந்த டிக்கெட் கடையில் சேர்ந்த முதல் நாள் எனக்குத் தந்த வேலை கதவைப் பார்த்துக்கொண்டிருப்பது. முதலாளி காத்தான்குடி ஹாஜியார். அதற்கு முன்பு நான் கல்முனை பஸ்ஸில் கொண்டக்டர். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனால் ஏறுகிற ஆளின் முகத்தைப் பார்த்து எங்கே இறங்குவார் என்று சொல்லிவிடுவேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் ஹாஜியார் கூப்பிட்டார்.

“தவம், வாற ஆளப் பாரு. சவூதிக்குப் போற ஆளா, குவைத்துக்குப் போற ஆளா, சும்மா வெல கேக்க வாற ஆளா எண்டு எனக்குக் கண்ணால சொல்லு. மத்ததெல்லாம் மெல்ல வரும்.”

மெல்லத்தான் வந்தது. கம்ப்யூட்டர் வந்த பிறகு ஊர்களை மூன்று எழுத்தாகப் படித்தேன். கொழும்பு சி.எம்.பி., பாரிஸ் சி.டி.ஜி., சூரிச் இஸட்.ஆர்.எச். எனக்கு வாசிக்கத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவுதான். பாரிஸில் போய் இறங்கி, வேறு ஊரில் ஏறித் திரும்பி வருகிற டிக்கெட்டுக்கு ‘ஓப்பன் ஜோ’ என்று பெயர். ஹாஜியார் அதை ‘வாய் பிளந்த டிக்கெட்’ என்பார். கோடு போட்டுப் பார்த்தால் ஒரு பக்கம் மூடாமல், முதலை வாயைத் திறந்த மாதிரி இருக்கும். எங்கள் கடையில் அதைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. எல்லாரும் வளைகுடாவுக்குப் போய் அதே வழியால் திரும்புகிறவர்கள்.

2. கடல் வந்த பிறகு

சுனாமியில் கடல் வந்து போன பிறகு கடையைத் திறந்தபோது டிக்கெட் வாங்க ஒருவரும் வரவில்லை. பாஸ்போட்டைக் கடலுக்குக் கொடுத்தவர்கள் வந்தார்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு டெலிபோன் எடுக்க வந்தார்கள். ஹாஜியார் லைனைச் சும்மா விட்டுவிட்டார். ஒருவர் அழுது முடிக்கும் வரை அடுத்தவர் கதிரையில் காத்திருப்பார்.

அப்படி வந்தவதான் தேற்றாத்தீவுப் பூரணம் அக்கா. புருசனும் கடைசி மகளும் கடலோடு போய்விட்டார்கள். மூத்த மகன் பாரிஸில். அவனுக்கு அப்போது அங்கே தங்குகிற காட் கிடைக்கவில்லை, வந்தால் திரும்பிப் போக ஏலாது. மகள் சூரிச்சில், அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். எங்கள் கடை டெலிபோனில்தான் அக்கா இரண்டு பேருக்கும் செத்தவீடு சொன்னா. நம்பரை அமத்திக் கொடுத்தவன், அக்காவோடு வந்த சின்ன மகன் சுதன். அக்காவிடம் மிஞ்சியவன் அவன் ஒருவன்தான்.

அடுத்த வருசம் சுதன் சைக்கிளில் சந்திக் கடைக்குப் போனான், வீட்டுக்கு வரவில்லை. பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்றார்கள். யார் என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பதில். பிறகு வன்னியில் அவனைக் கண்டதாக ஒருவர் வந்து சொன்னார். அதற்குப் பிறகு சண்டையும் முடிந்தது. அக்கா முகாம் முகாமாகப் போய் அவனுடைய படத்தைக் காட்டிவிட்டு வந்தா.

3. நடுவில் உள்ள துண்டு

சண்டை முடிந்த அடுத்த வருசம் பாரிஸ் மகனுக்குக் காட் கிடைத்தது. அம்மாவைக் கூப்பிட்டான். சூரிச் மகளும் கூப்பிட்டாள். அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சில்லை. அவள் தன் விருப்பத்துக்குக் கலியாணம் முடித்ததில் வந்த கோபம். அவன் அம்மாவை ரெயிலில் ஏற்றிவிடுவான், அவள் ஸ்டேசனில் இறக்கிக்கொள்வாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கத் தேவையில்லை. அதனால்தான் வாய் பிளந்த டிக்கெட். அந்த நேரம் பாரிஸ் விசாவிலேயே சுவிசுக்கும் போகலாம் என்று வந்திருந்தது நல்லதாய்ப் போயிற்று.

பாரிஸ் மகன் எனக்கு டெலிபோன் எடுத்தான். “அண்ணே, ரிட்டர்ன விசாவுக்காகச் சும்மா ஒண்டு போட்டு விடுங்க. மலிஞ்சது காணும். அம்மா இனி அங்க வரமாட்டா.”

அக்கா வந்து முன்னால் உட்கார்ந்தா. நான் அதைச் சொன்னேன்.

“ஆர் சொன்ன நான் வரமாட்டன் எண்டு?”

“மகன்தான் அக்கா.”

“அவனுக்கு அங்க ஒரு வீடிருக்கு. சின்னவன் வந்தா அவனுக்கு எந்த வீடு? நீ ஒண்டு சொல்லு மனே. நான் அங்க இருக்கக்குள்ள அவன் வந்துட்டான் எண்டு வெச்சிக்க. நான் உடன வரேலுமா?”

அந்தக் கேள்வியை வைத்துத்தான் நான் பிளைட் தேடினேன். நேராகப் பாரிஸுக்குப் போகிற பிளைட் இருந்தது. ஏறினால் இறங்குவதுதான், அக்காவுக்குச் சுகம். ஆனால் அந்தக் கம்பனிக்குச் சூரிச்சிலிருந்து வர வழியில்லை. லண்டனால் போகிறது ஒன்று, அதற்கு இன்னொரு விசா. மலிந்த ஒன்று இருந்தது. அதில் ரிட்டர்ன் தேதியை அசைக்க முடியாது. மிஞ்சியது வளைகுடாவில் மாறிப் போகிற ஒன்று. விலை கூட. ஆனால் சூரிச்சிலிருந்து ஒவ்வொரு நாளும் வரும், தேதியும் மாற்றலாம். வாசிக்கத் தெரியாத ஆள் நடுவில் பிளைட் மாறுவது பயம்தான். அதற்கு எங்கள் தொழிலில் ஒரு வழி உண்டு. நன்றாக நடக்கிற அம்மாமாருக்கு வீல்செயர் எழுதிவிடுவோம். தள்ளுகிற ஆள் சரியான வாசலில் கொண்டுபோய் விடுவான்.

“எனக்குக் கால் இருக்குத் தம்பி. வயல் வட்டைக்குள்ள இண்டைக்கும் நெல்லுக் கட்டுத் தூக்கிற நான்.”

“கால் இருக்கு அக்கா. அங்க தொங்கிற இங்கிலீஷ் போட்ட வாசிக்கக் கண் இல்லையே. எனக்கும் இல்ல.”

சிரித்தா. வெகு நாளைக்குப் பிறகு அக்கா சிரித்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

கம்ப்யூட்டரில் பாரிஸ் ஒரு வரி, சூரிச் ஒரு வரி, இரண்டுக்கும் நடுவில் ஏ-ஆர்-என்-கே என்று ஒரு வரி போட வேண்டும். அக்கா விரலை அதில் வைத்தா.

“இது என்ன ஊரு?”

ஹாஜியார் பக்கத்து மேசையிலிருந்து, வேறு யோசனையில், சொல்லிவிட்டார். “அது ஊரில்லகா. ‘வந்து சேந்தது தெரியா’ எண்டு அர்த்தம். பாரிஸில எறங்கின ஆள் சூரிச்சுக்கு எப்படி வந்த எண்டு பிளைட்காரனுக்குத் தெரியாதே. அதப் போட்டாத்தான் மறுகா உள்ள டிக்கெட் துண்டு உயிரோட கெடக்கும். போடாட்டி வெட்டிப் போடுவான்.”

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கு விளங்கியது. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

அக்கா அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தா. “அப்ப போடு மனே,” என்றா. “அந்தத் துண்டு உயிரோட கெடக்கட்டும்.”

4. கதவில் எழுதினது

போகிற அன்று அக்கா வேனை எங்கள் கடை வாசலில் நிற்பாட்டினா.

“தம்பி, வீட்டுக் கதவில பெயிண்டால எழுதுவிச்சுப்போட்டுத்தான் வாறன். ‘சுதன், அம்மா பாரிசுக்குப் போயிருக்கா. டவுண் டிக்கெட் கடையில தவம் மாமாட்டக் கேள்.’ அவன் வந்தா உடன எனக்குச் சொல்லோணும்.”

“ஓம் அக்கா.”

“அவன் வாறன் எண்டுதான் சொல்லிட்டுப் போன. நம்மட சனம் போறன் எண்டு சொல்லாதுதானே.” வேனில் ஏறி, “சரி, வாறன்,” என்றா.

அதற்குப் பிறகு எனக்குப் பழைய வேலை திரும்பி வந்தது. யார் கதவைத் தள்ளினாலும் நிமிர்ந்து பார்த்தேன். இளந்தாரிகள் எத்தனை பேர் வருவார்கள், கட்டார் டிக்கெட்டுக்கு. மெலிந்த, தாடி விட்ட ஒருவன் வந்து வாசலில் நின்றபோது நான் எழுந்தே விட்டேன். அவன் பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டான்.

ஒரு நாள் சூரிச்சிலிருந்து மகள் பேசினாள். “அங்கிள், அம்மாட ரிட்டர்னக் கேன்சல் பண்ணுங்க. அண்ணனும் ஓம் எண்டுட்டார். நாங்க ரெண்டு பேரும் கதைச்சிட்டம்.”

பேச்சில்லாத இரண்டு பேர் பேசிவிட்டார்கள் என்பது எனக்கும் சந்தோசம்தான். ஆனாலும், “போனை அம்மாட்டக் குடுங்க மகள்,” என்றேன்.

அக்கா முதலில் கேட்டது, “ஆரும் வந்தாங்களா மனே?”

“இல்ல அக்கா.”

“அப்ப தேதிய மாத்தாத. நான் வாறன்.”

சொன்ன தேதிக்கு வந்தா. வேன் நேராகக் கடைக்கு வந்தது. சுவிஸ் சொக்லேட் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தா. நான் முகம் பார்த்துத் தொழில் செய்தவன். அன்றைக்கு அக்கா என் முகத்தை வாசித்துவிட்டா. கேட்கவில்லை. வீல்செயர் தள்ளின பொடியன் நல்லவன் என்று மட்டும் சொன்னா.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். போகிற பிளைட்டை யாரும் பிடித்துக் கொடுக்கலாம். திரும்பி வருகிற பிளைட்டை முதலில் பாருங்கள். எதற்காகத் திரும்பி வருகிறார் என்று கேளுங்கள். பணம் கட்டுகிற பிள்ளையிடம் கேட்க வேண்டாம், ஏறுகிற ஆளிடம் கேளுங்கள்.

ஹாஜியார் மௌத்தாகி அடக்கம் செய்த பிறகு கடை மூடிவிட்டது. அந்த இடத்தில் இப்போது போன் விற்கிறார்கள். அக்கா கதவில் எழுதினதை அழிக்கவில்லை. மாரி முடிய ஒவ்வொரு வருசமும் அதே பெயிண்டால் மேலே எழுதுவிக்கிறா. ‘அம்மா பாரிசுக்குப் போயிருக்கா’ என்பதை மட்டும் விட்டுவிட்டா. அதனால் நான் போன் கடை முதலாளியிடம் போய் என் நம்பரைக் கொடுத்தேன். சுதன் என்று யாரும் வந்து தவம் மாமாவைக் கேட்டால் எனக்கு டெலிபோன் எடுக்கச் சொன்னேன்.

“எப்ப வருவார் அவர்?” என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு எங்கள் தொழிலில் உள்ள ஏ-ஆர்-என்-கே என்ற பதிலை நான் அவருக்குச் சொல்லவில்லை. வருவான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.