அவர் சொன்ன அலுப்பு

மழை தொடங்கும் மாதங்களில் எங்கள் கடலோரத்துக் காப்புக்காட்டுக்கு நடக்க வருகிறவர்கள் இரண்டு வகை. வடக்கிலிருந்து வந்து இறங்கும் பறவைகளைப் படம் பிடிக்க முழங்கை நீளக் கேமராவோடு வருகிறவர்கள் ஒரு வகை. மருத்துவர் நடக்கச் சொல்லித் துரத்திவிட்டவர்கள் இன்னொரு வகை. நானும் என் கணவரும் இரண்டாவது வகை. இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறோம்.

வீடு மலேசியாவில், ஈப்போ நகரத்துச் சிலிபினில். நடப்பதற்கு அங்கே இடமில்லாமல் இல்லை. அழகான பூங்கா இருக்கிறது, பாதை இருக்கிறது, பெஞ்சு இருக்கிறது. ஆனால் இருதயத்தில் குழாய் வைத்துக்கொண்டு வந்த பிறகு அந்தப் பூங்காவில் அவரால் பத்தடி நடக்க முடியவில்லை. நெஞ்சு காரணமில்லை, ஆட்கள்தான் காரணம். நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பாதி ஊருக்கு அவரைத் தெரியும். ஒவ்வொருவரும் நிறுத்தி, எத்தனை அடைப்பு, எந்த டாக்டர், எண்ணெய் பலகாரம் சாப்பிடுவீர்களா என்று விசாரித்து, கடைசியில் இதே மாதிரி நோய் வந்து இறந்துபோன தங்கள் சொந்தக்காரர் ஒருவரின் கதையைச் சொல்லிவிட்டுப் போவார்கள். இரண்டாம் நாள் வீடு திரும்பியவர் காலணியைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, இனி தெரிந்த முகம் இல்லாத இடத்தில்தான் நடப்பேன் என்று சொல்லிவிட்டார்.

அப்படிக் கிடைத்ததுதான் அந்தக் காடு. ஆயர் தாவாரைத் தாண்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே கடலை நோக்கிப் போகும் சின்னச் சாலை ஒன்றின் முடிவில் இருக்கிறது. புத்தகத்தில் அலையாத்தி மரம் என்று போட்டிருக்கும், எங்களுக்கு அது பாக்காவ் மரம். சேற்றுக்கு மேலே பலகை அடித்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். பாதையின் முடிவில் மரங்கள் விலகிச் சேற்றுவெளியும் கடலும் தெரியும். மேடு பள்ளம் கிடையாது, வெயில் கிடையாது, விசாரணை கிடையாது. கொசு மட்டும் உண்டு.

அங்கே முதல்முறை போன அன்றே எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் ஆனது. மூச்சு வாங்கினாலோ வழக்கத்துக்கு மேல் சோர்வு தெரிந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும் என்று மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். சோர்வுதான் முதலில் வரும், வலி பிறகுதான் வரும் என்றார். என் கணவரோ எதையும் சொல்லாத மனிதர். முதல்முறை நெஞ்சுவலி வந்தபோது, வாயு என்று சொல்லிக்கொண்டு மூன்று நாள் இஞ்சித் தண்ணீர் குடித்தவர். அதனால் பலகையில் கால் வைத்ததிலிருந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எப்படி இருக்கிறது, எப்படி இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே வந்தேன். அவர் நின்று திரும்பினார்.

"நீ கேக்காதே. கேக்கக் கேக்கத்தான் நோயாளியா ஆயிடுறேன். ஏதாச்சும் இருந்தா நானே சொல்றேன்."

"சத்தியமோ?"

"சத்தியம்லா."

சத்தியத்தை நம்பி வாயை மூடிக்கொண்டேன். ஆனால் காதை மூடவில்லை. அவருக்குப் பின்னால் நடந்தபடி அவருடைய மூச்சையும் செருப்புச் சத்தத்தையும் கேட்டுக்கொண்டே போனேன். ஒரு வார்த்தைக்காகக் காத்திருந்தேன். களைப்பாக இருக்கிறது என்று அவர் சொன்னால் நிறுத்த வேண்டும், தோள்பையில் இருக்கும் மாத்திரையை எடுத்து அவர் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும். அந்த வார்த்தையை அவர் சொல்லாமலே விழுந்துவிடுவாரோ என்பதுதான் என் பயமெல்லாம்.

மற்றபடி அந்த நடை எனக்குப் பிடித்துப்போனது என்றுதான் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் மகள் அந்த மாதங்களில் தினமும் ஒரு படம் அனுப்புவாள். சிவப்பு இலை, மஞ்சள் இலை, இலைக்குவியலில் நிற்கும் அவள் பூட்ஸ் கால். இங்கே இலையுதிர்காலம் அம்மா என்று எழுதுவாள். எனக்குத் தெரிந்த இலையுதிர்காலம் வேறு. நான் பிறந்தது பீடோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அங்கே ஆங்கில வருஷப் பிறப்பு முடிந்து வெயில் காயும்போதுதான் மரம் இலை உதிர்க்கும், பாலும் குறையும். இப்போது ரப்பரும் இல்லை, அந்தத் தோட்டமும் செம்பனையாகிவிட்டது. செம்பனை எந்த மாதத்திலும் ஓலையை உதிர்க்காது, வெட்டினால்தான் உண்டு. பாக்காவ் மரமோ கிழட்டு இலையை மஞ்சளாக்கி ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டுக்கொண்டே இருக்கிறது. அப்படி ஓர் இலை ஓதத்தில் மிதந்து போவதைப் படம் எடுத்து, இது எங்கள் இலையுதிர்காலம் என்று மகளுக்கு அனுப்பினேன். ஒரே ஓர் இலையா என்று கேட்டாள். உன் அப்பாவுக்கு அதுவே அதிகம் என்று பதில் போட்டேன்.

அவர் எல்லா அறிவிப்புப் பலகையையும் உரக்கப் படிப்பார். பலகையில் ஆணி துருத்திக்கொண்டிருந்தால் அதிகாரத்தோடு காலால் தட்டிப் பார்ப்பார். சேற்றில் துள்ளும் மீன்களையும், ஒரு கொடுக்கை மட்டும் பெரிதாக வளர்த்துக்கொண்டு அதை ஆட்டி ஆட்டி நிற்கும் நண்டுகளையும் பார்த்து நிற்பார். அலுவலகத்தில் இவனைப் போல் ஒருத்தன் இருந்தான் என்று ஒவ்வொரு முறையும் ஒரே நண்டு ஜோக்கைச் சொல்வார். கடலோரம் வந்ததும் ஃபிளாஸ்கில் இருக்கும் சர்க்கரை போடாத தேநீரைக் குடித்துவிட்டுப் பறவைகளைப் பார்ப்போம். நீளமான வளைந்த அலகோடு சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும் அவை எங்கேயோ சைபீரியாவிலிருந்து வருகின்றனவாம். விசா இல்லாமல் வருதுங்க என்பார். பல வருஷங்களுக்குப் பிறகு நாங்கள் சும்மா சேர்ந்து நின்றது அங்கேதான்.

பிறகு ஒரு சனிக்கிழமை பாதி வழியில் அவர் ஒரு வார்த்தை சொன்னார்.

"அலுப்பா இருக்கு."

எனக்குச் சுள்ளென்று வந்தது. இது ஏன் என்று சொல்ல வேண்டும். என் கணவருடையது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். மூன்று தலைமுறையாக மலேசியாவில் இருந்தாலும் வீட்டுக்குள் அந்த ஊர்ப் பேச்சை விடாத குடும்பம். நான் தோட்டத்துக் கிறிஸ்தவப் பெண், தபால் நிலையத்தில் முத்திரை விற்றவள். கல்யாணத்துக்கு இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். கல்யாணம் முடிந்த மறுநாள், வந்த விருந்தாளிகளுக்கெல்லாம் தேநீர் கொடுத்து ஓய்ந்து, மாமியாரிடம் அலுப்பாக இருக்கிறது, கொஞ்சம் படுக்கட்டுமா என்று கேட்டேன். எங்கள் தோட்டத்தில் அலுப்பு என்றால் உடம்புச் சோர்வு. வேலை முடிந்து வருகிறவர்கள் எல்லாரும் சொல்வது. மாமியாருக்கோ அலுப்பு என்றால் தொல்லை, எரிச்சல். அவருடைய சோர்வுக்குப் பெயர் களைப்பு.

"நாங்கள் உமக்கு அலுப்பாப் போச்சுதோ?" என்று கேட்டவர்தான், அந்த வாரம் முழுக்க என்னோடு பேசவில்லை.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. இனி ஒரு வார்த்தையிலும் குறை சொல்ல விடக்கூடாது என்று வைராக்கியமாக அவர்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டேன். பேசுவதைக் கதைப்பது ஆக்கினேன். தூக்கத்தை நித்திரை ஆக்கினேன், அலுப்பைக் களைப்பு ஆக்கினேன். ஆமாம் போய் ஓம் வந்தது. மாமியார் இறக்கும்போது நான் அவரைவிடச் சுத்தமாக அந்தத் தமிழைப் பேசினேன் என்று அவருடைய தங்கையே சொன்னார். என் அண்ணன் வீட்டுக்குப் போனால் பிள்ளைகள் என்னைக் கேலி செய்வார்கள். வீட்டில் சண்டை வரும்போதெல்லாம், உங்களுக்காக என் பேச்சையே விட்டவள் நான் என்பேன்.

ஆகவே அலுப்பாக இருக்கிறது என்று அவர் சொன்னதும், இந்தக் காடும் கொசுவும் என் பையும் என் முகமும் தொல்லையாகிவிட்டன என்றுதான் எனக்குக் கேட்டது. நிற்காமல் நடந்தேன். அடுத்த வாரமும் சொன்னார். அதற்கடுத்த வாரம் இரண்டு முறை. நான் பதிலுக்கு நடையைக் கூட்டினேன். அவ்வளவு தூரம் காரோட்டி அழைத்து வருகிறவள் நான், பொழுது விடியும் முன் எழுந்து முட்டை அவிக்கிறவள் நான், இவருக்கு அலுப்பாமே என்று மனசுக்குள் பொரிந்துகொண்டே போனேன்.

முந்தைய இரவு பெய்த மழையில் பலகை வழுக்கிய ஒரு நாள், கடல் தெரிய இன்னும் கொஞ்ச தூரம் இருக்கும்போது அவர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார்.

"ரொம்ப அலுப்பா இருக்கு."

"அலுப்பெண்டால் ஏன் வந்தனீங்கள்? கதைக்காமல் நடவுங்கோ," என்று சொல்லிவிட்டு முன்னால் போனேன்.

கொஞ்ச தூரம் போனதும் பின்னால் செருப்புச் சத்தம் கேட்கவில்லை. திரும்பினேன். அவர் பலகையில் உட்கார்ந்திருந்தார். ஆத்திரத்தில் உட்கார்ந்த மாதிரி இல்லை. தொப்பி மடியில் கிடந்தது. முகம் சாம்பல் பூத்து, சட்டை வேர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது. எப்படி ஓடினேன் என்று தெரியாது. பையைக் கவிழ்த்தேன். முட்டை உருண்டு சேற்றில் விழுந்தது. மாத்திரையை அவர் நாக்குக்கு அடியில் வைத்து, ஏசுவே ஏசுவே என்று முதுகைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன். அவரோ அமைதியாக இருந்தார்.

அன்று பழைய பலகைகளை மாற்றிக்கொண்டிருந்த மலாய்க்காரர் ஒருவர் என் சத்தம் கேட்டு வந்தார். பார்த்த உடனே புரிந்துகொண்டு, பலகை ஏற்றி வந்த ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியை எடுத்து வந்தார். மாத்திரை வேலை செய்து முகத்தில் கொஞ்சம் இரத்தம் ஏறியிருந்ததால் இவர் நடந்தே வருவதாக மரியாதையாக மறுத்தார். அந்த மனிதர் காது கொடுக்கவில்லை. சாக்கை விரித்து, பெரியவரே என்கிற மாதிரி பக்சிக், உட்காருங்கள் என்று தூக்கி வைத்துவிட்டார். பேராக் மாநிலத்து நிலத்தில் பாதியை அளந்த மனிதர், தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, முழங்கால் இரண்டும் மேலே தூக்கியபடி, தள்ளுவண்டியில் போனார். ஒவ்வொரு பலகை இடுக்கிலும் சக்கரம் தடக் தடக்கென்றது. பின்னால் ஓடிய எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் அவரைப் படுக்கவைத்து, நெஞ்சில் வயர்களை ஒட்டி, கையில் ஊசி குத்தினார்கள். பெரிய ஆபத்து தாண்டிவிட்டது, இன்னொரு இரத்தக்குழாயில் அடைப்பு இருக்கும் போலிருக்கிறது, ஈப்போவுக்கு அனுப்புவோம் என்றார் மருத்துவர். அவர் போன பிறகு தாதி வந்து மலாயில் விவரம் கேட்டாள். எப்போதிலிருந்து இந்தச் சோர்வு என்றாள். மூன்று நான்கு வாரமாக என்றார் என் கணவர், ஏதோ பஸ் நேரம் சொல்கிற மாதிரி.

தாதி திரையை இழுத்துவிட்டுப் போகும்வரை பொறுத்தேன். அவ்வளவுதான் என் பொறுமை.

"மூண்டு நாலு கிழமையா? எனக்குச் சத்தியம் பண்ணினனீங்கள். ஒரு வார்த்தை சொல்லேல்லை."

அவர் நிஜமாகவே ஆச்சரியத்தோடு என்னைப் பார்த்தார்.

"சொன்னேனே. ஒவ்வொரு வாரமும் சொன்னேன். அலுப்பா இருக்கு, அலுப்பா இருக்குன்னு."

நான் கட்டிலுக்கு இன்னும் நெருங்கிப் போனேன்.

"உன் பேச்சுலதானே சொன்னேன்," என்றார். "நீதான் கேட்டுட்டு வேகமா நடந்தே."

திரைக்கு அந்தப் பக்கம் யாரோ இருமினார்கள். நான் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவர் பேசியதையெல்லாம் முதல்முறையாகக் கேட்கிறவளைப் போல நினைத்துப் பார்த்தேன். சொன்னேன் என்கிறார், சொன்னனான் என்று இல்லை. பேச்சு என்கிறார், கதை என்று இல்லை. சத்தியம்லா என்று சிலிபின் சந்தைக்காரர் மாதிரி சொல்கிறார். எப்போதிலிருந்து இப்படி என்று எனக்குத் தெரியவில்லை. தாய் இறந்த பிறகா, மகள் பிறந்தபோதா, இல்லை நான் முத்திரை விற்ற காலத்திலேயேவா. கேட்டால் அவருக்கும் தெரிந்திருக்காது. நான் அவர் வீட்டுப் பேச்சுக்குப் போய்விட்டேன் என்று சண்டைக்குச் சண்டை சொல்லிக் காட்டிக்கொண்டிருந்த அத்தனை வருஷமும், இவர் ஒரு வார்த்தையும் சொல்லிக் காட்டாமல் என் வீட்டுப் பேச்சுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறார். அவர் மேல் அப்படி ஒரு பிரியம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு ஊசி குத்தாத கையைப் பிடித்தேன். கை ஜில்லென்று இருந்தது.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"அலுப்பா இருக்கு," என்றார்.

"தூங்குங்க," என்றேன். "நான் இங்கதான் இருக்கேன்."