சந்தனம் வைத்த லேப்டாப்

எங்கள் வீட்டுக்கு லேப்டாப் வந்த அன்று அப்பா கேட்ட முதல் கேள்வி, "இது இன்னா ஸ்பீடுமா?" என்பதுதான்.

அக்கா பிளஸ் டூ படித்த அரசுப் பள்ளியில் இலவசமாகக் கொடுத்தது அது. கோவில்பதாகையில் இருந்த எங்கள் வீடு வரைக்கும் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டே வந்திருந்தாள். அப்பா அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் இரும்பு கடையும் லேத் மெஷின் ஓட்டுகிறவர். உலகத்தில் எந்த மெஷினாக இருந்தாலும் அதற்கு ஒரு வேகம் உண்டு, அது தெரியாமல் தொடுகிறவனுக்கு விரல் மிஞ்சாது என்பது அவர் கட்சி.

அக்கா அதில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, "ரெண்டு கிகாஹெர்ட்ஸ் நைனா" என்றாள். அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம்.

"அப்டின்னா?"

"ஒரு செகண்டுக்கு எரநூறு கோடி துடிப்பு. ப்ராசஸர்னு ஒண்ணு உள்ள கீது. அது துடிக்கத் துடிக்கத்தான் வேலை நடக்கும்."

அப்பா சிரிக்கவில்லை. நிமிஷத்துக்குச் சில நூறு சுற்று ஓடும் தன் லேத்தை நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "இம்மா ஸ்பீடு சுத்துதே, சூடாவாதா?" என்று கேட்டார். அது சுற்றுவதில்லை, நகத்தளவு சில்லுதான் என்று அக்கா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அப்பா பக்கவாட்டில் இருந்த துவாரங்களில் கையை வைத்துப் பார்த்தார். வெதுவெதுப்பாகக் காற்று வந்தது. "மோட்டாரு இங்கதான் கீது" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். அதற்குமேல் அவரை அசைக்க யாரால் முடியும்? எங்கள் வீட்டில் செகண்டுக்கு இருநூறு கோடி சுற்று ஓடும் மெஷின் இருக்கிற சேதி மறுநாளே எஸ்டேட் டீக்கடை முழுக்கப் பரவிவிட்டது.

நான் அப்போது நான்காம் வகுப்பு. சீட்டில் போட்டிருக்கும் வேகம் ஒருவருடைய பேர் மாதிரி, எந்நாளும் மாறாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா நல்ல மார்க் வாங்கினாள். ஆனாலும் கல்லூரியில் சேர்க்க வீட்டில் வழியில்லை. குத்தம்பாக்கத்து அத்தை தன் மகனுக்கு அவளைக் கேட்டு வந்து வந்து போய்க்கொண்டிருந்தார். அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்பெனியின் அறிவிப்பு வந்தது. பிளஸ் டூ முடித்தவர்களை வேலைக்கு எடுத்து, அவர்களே டிகிரியும் படிக்க வைப்பார்களாம். வீட்டிலிருந்தபடியே லேப்டாப்பில் ஒரு டெஸ்ட் எழுதினால் போதும். அக்கா அப்பாவிடம் கெஞ்சினாள். அப்பா, "இதுல பாஸ் பண்ணிட்டின்னா அத்தைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். இல்லன்னா அவங்க ஊட்டுக்குப் போயிடணும். சரியா?" என்றார். அக்கா சரி என்றாள். அதற்குப் பிறகு அவள் சிரித்துப் பேசியது எனக்கு நினைவில்லை. எந்நேரமும் கணக்குதான்.

டெஸ்டுக்குச் சில நாட்கள் முன்னால் ஆயுத பூஜை வந்தது. பட்டறையில் பூஜையை முடித்துக்கொண்டு அப்பா பொரியும் கடலையுமாக வீட்டுக்கு வந்தார். எங்கள் வீட்டில் வழக்கமாகக் கத்தி, அரிவாள்மனை, சைக்கிள் இவற்றுக்குத்தான் பொட்டு. அந்த வருஷம் முதல் மரியாதை லேப்டாப்புக்கு. பட்டறையில் மோட்டார் இருக்கிற இடத்துக்குத்தான் முதலில் சந்தனம் வைப்பார்கள். அப்பாவும் அந்தத் துவாரங்களைத் தேடிக் குழைத்த சந்தனத்தைக் கட்டைவிரலால் அப்பினார். அடிப்பக்கம் திருப்பி அங்கே இருந்த துவாரங்களுக்கும் குறையில்லாமல் வைத்தார். நடுவில் குங்குமம், மேலே சாமந்திச் சரம். அக்கா துணியை எடுத்தபோது தடுத்துவிட்டார்.

"டெஸ்டு முடியிற வரைக்கும் தொடைக்காத. தானா உதுரட்டும். சாமி கூடவே இருக்கும்."

அவர் முகத்தைப் பார்த்த பிறகு அக்காவுக்குத் துடைக்க மனசு வரவில்லை. டெஸ்ட் வரைக்கும் பேப்பரில்தான் கணக்குப் போட்டுப் பழகினாள்.

டெஸ்ட் ஞாயிற்றுக்கிழமை காலையில். அம்மா டிவியை அணைத்துவிட்டுக் குக்கரைக்கூட ஏற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அப்பா வாசலில் நின்று, ஹாரன் அடித்த ஆட்டோக்காரரை அதட்டிக்கொண்டிருந்தார். கேமராவில் வேறு யாரும் தெரியக் கூடாது என்பதால் நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு லேப்டாப் மூச்சு வாங்குகிற மாதிரி இரைய ஆரம்பித்தது. அக்கா ஒரு விடையை அழுத்தினால் அது திரையில் பதிய அத்தனை நேரம் ஆனது. அடுத்த கேள்வி பாதி வந்து நின்றது. அவளுக்கு விடை தெரியும். உதடு முணுமுணுத்ததை நான் பார்த்தேன். திரையின் மூலையில் இருந்த கடிகாரம் மட்டும் கொஞ்சமும் தாமதிக்கவில்லை. நேரம் முடிந்தபோது பாதிக் கேள்விகளை அவள் கண்ணாலேயே பார்த்திருக்கவில்லை.

மறுநாள் அக்காவும் நானும் அதை ஆவடி மார்க்கெட் பக்கம் ஒரு சர்வீஸ் கடைக்கு எடுத்துப்போனோம். கடைக்கார அண்ணன் அடிமூடியைக் கழற்றிவிட்டு எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாமா, சந்தனக் காப்பே சாத்திக்கீறீங்க? காத்து வெளிய போக வழியே இல்ல. சூடு ஏறிச்சின்னா ப்ராசஸர் தானாவே ஸ்பீட கொறச்சிக்கும். இல்லன்னா வெந்துடும். சீட்டுல போட்டுக்கிற ஸ்பீடுல கால்வாசிகூட ஓடியிருக்காது."

அவர் சந்தனத்தைச் சுரண்டித் துவாரங்களைத் துடைத்துக் கொடுத்தார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. காரணம் கிடைத்துவிட்டது. அப்பாவிடம் சொன்னால் அவர் கம்பெனிக்குப் பேசுவார், மறுபடியும் டெஸ்ட் வைப்பார்கள். அவ்வளவுதானே? பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த அக்கா, "நைனாகிட்ட இத சொல்லக் கூடாது" என்றாள். ஏன் என்று கேட்டேன். அவள் லேப்டாப்பை மடியில் அணைத்துக்கொண்டு வெளியே பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.

அப்பா வேலைக்குப் போகாமல் காத்திருந்தார். "கடக்காரன் இன்னாமா சொன்னான்?"

"மெஷின்ல ஒண்ணுமில்ல நைனா. எனக்குத்தான் கணக்கு வரல."

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா என் கையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்பா லேப்டாப்பை வாங்கி மேஜை மேல் வைத்தார். பிறகு, "பரவால்லமா, நீ இன்னா பண்ணுவே. நம்பளுக்கு இதான் எழுதிக்கீது" என்று அவள் தலையைத் தடவினார். எனக்கு அக்கா மேல் கோபமான கோபம். இத்தனை சுலபமான ஒரு விஷயத்தைச் சொல்லத் தெரியாத முட்டாளாக இருக்கிறாளே என்று அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

அப்பாவுக்கு இன்றுவரை தெரியாது. சொந்தக்காரர்கள் வந்தால், "சின்னது நல்லா படிச்சிச்சி. பெர்சுக்குக் கணக்குதான் மண்டையில ஏறல" என்று அக்காவை வைத்துக்கொண்டே சொல்லுவார். அக்கா "ஆமா நைனா" என்று சொல்லிவிட்டு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். அத்தை மகன் நல்லவர், அக்காவை நன்றாகத்தான் வைத்திருக்கிறார். அதனால் மட்டும் எரிச்சல் அடங்கிவிடுமா?

டெஸ்ட் முடிந்து வந்த தை மாதமே கல்யாணம் நடந்தது. லேப்டாப் இனிமேல் எனக்குத்தான் என்று சொல்லிவிட்டார்கள். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அக்கா கிளம்புகிற நேரத்தில், பட்டுப் புடவையும் மாலையுமாக நின்றவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் லேப்டாப்பைத் திறந்து காட்டினேன். "பாருக்கா, இப்ப இன்னா ஸ்பீடா ஓடுது." தொட்டதும் படங்கள் சடசடவென்று திறந்தன. அக்கா குனிந்து பக்கவாட்டில் கையை வைத்துப் பார்த்தாள். "ஆமா, நல்லா காத்து வருது" என்றாள். பிறகு கையை எடுக்காமலே அழ ஆரம்பித்தாள். அம்மா ஓடி வந்து அணைத்துக்கொண்டாள். அப்பாவும் அழுதார். பிறந்த வீட்டை விட்டுப் போகும்போது எல்லாப் பெண்களும் இப்படித்தான் அழுவார்கள் என்று நினைத்துக்கொண்டு, நான் அடுத்த படத்தைத் திறந்தேன்.